கீழே வரும் சத்தமெல்லாம் கியர் பாக்ஸ் சத்தம் இல்லை

காரிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. தக்காளி விவசாயம். ஐந்து மாதத்துக்கு முன் கிருஷ்ணகிரியில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு வியாபாரியிடம் 2011 மாடல் டீசல் கார் ஒன்றை 2,30,000 ரூபாய்க்கு வாங்கினார். மனைவியின் நகையை அடகு வைத்த பணம். மீட்டரில் 96,000 கிலோமீட்டர் காட்டியது. வாரம் ஒருமுறை அம்மாவைச் சேலத்தில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார். மற்ற நாளில் பின் சீட்டை மடித்துப் போட்டு, பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பெட்டி தக்காளி ஏற்றுகிறார்.

இரண்டு மாதமாக வண்டியில் ஒன்று மாற்றி ஒன்று. சேலத்தில் இருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை, கருகிய வாடை வருகிறது. மூன்றாவதில் இருந்து இரண்டாவது கியருக்கு இறக்கினால் ‘கர்ர்’ என்று கடிக்கிறது. முழுசாக ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் ‘டக் டக் டக்’. ஐம்பதைத் தாண்டினால் ‘ஊம்’ என்று ஓர் இரைச்சல். நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “பாக்ஸ் போச்சு, சேலத்துல பழைய பாக்ஸ் ஒண்ணு இருக்கு, எல்லாம் சேர்த்து 48,000 ஆகும்” என்று சொல்லி 10,000 முன்பணம் கேட்டிருக்கிறார். மச்சானோ, கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும், அதுவரை தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பாக்ஸுக்கும் ஓய்வு, டீசலும் மிச்சம் என்கிறார். வாசகரும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறார். பாக்ஸை மாற்றலாமா, வியாபாரியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா, அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தொப்பூரில் நியூட்ரலில் இறங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள்

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. வண்டியில் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார். தர்மபுரியில் இருந்து சேலம் போகும் அந்த இறக்கத்தில் எத்தனை வண்டி உருண்டிருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அந்த ரோட்டிலேயே வளர்ந்தவர். கியரில் இருக்கும் வரை இன்ஜின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். நியூட்ரலில் தட்டிவிட்டால் அந்த மொத்தப் பாரமும் பிரேக் மேல் இறங்கும். மிதித்துக்கொண்டே இருந்தால் பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிமானம் குறையும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

டீசல் மிச்சம் என்பதும் தப்புக் கணக்கு. உங்கள் வண்டி மாதிரியானவற்றில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டரே டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழல வைக்கும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் ஊற்ற வேண்டும். ஆக, மச்சான் சொன்ன வழியில்தான் செலவு அதிகம். ஏறும்போது எந்த கியர் கேட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதுதான், காருக்கும் அதுவே.

பாக்ஸுக்கு ஓய்வு என்பதும் நேர் எதிர். நியூட்ரலில் உருண்டு வந்து, வளைவு பார்த்ததும் பயந்து இரண்டாவதில் தள்ளுகிறீர்கள் அல்லவா? அந்த நிமிஷம் இன்ஜின் எண்ணூறு சுற்றில் சோம்பிக் கிடக்கிறது. வண்டி ஓடும் வேகத்துக்கு இரண்டாவது கியர் கேட்பதோ மூவாயிரம் சுற்று. இந்த இடைவெளியை நிரப்புவது பாக்ஸுக்குள் பித்தளை நிறத்தில் இருக்கும் ஒரு சின்ன வளையம். சின்க்ரோ ரிங் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் அது உரசித் தேய்கிறது. உங்கள் இரண்டாவது கியர் கடிப்பதில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

வண்டி சரியாகும் வரை அம்மாவைச் சேலத்துக்கு பஸ்ஸில் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் வாடகை வண்டி. அந்தக் காரை மலை ரோட்டில் ஏற்ற வேண்டாம்.

ஒரு நோய் இல்லை, நான்கைந்து

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கீழே இருந்து சத்தம் வந்தால் அது கியர் பாக்ஸ்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், மெக்கானிக்கும் அப்படியே சொல்லிவிட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. இன்ஜினில் இருந்து சக்கரம் வரை சக்தி போகும் வழியில் கிளட்ச் இருக்கிறது, பாக்ஸ் இருக்கிறது, பாக்ஸில் இருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஆக்ஸில் இருக்கிறது, ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் ஜாயின்ட், கடைசியில் சக்கரம் உரசாமல் சுழல ஒரு பேரிங். உங்கள் கடிதத்தில் இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புகார் சொல்கின்றன. பதினைந்து வயதை நெருங்கும் அல்லது தாண்டிய வண்டியில் இது சாதாரணம். பாக்ஸை மட்டும் மாற்றினால் 48,000 போன பிறகும் பாதிச் சத்தம் அப்படியே இருக்கும்.

ஏற்றத்தில் இன்ஜின் கத்தி வேகம் ஏறாதது, கருகிய வாடை: இவை கிளட்ச் வழுக்குவதன் அடையாளம். வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுங்கள். இன்ஜினை ஓடவிட்டு நான்காவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே குலுங்கி அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரே ஒரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருக்கும் கிளட்ச் பிளேட்டும் கருகும்.

வழுக்கினாலும் உடனே பிளேட் போச்சு என்று அர்த்தம் இல்லை. பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். கேபிள் வகைக் கிளட்ச் என்றால், இறுக்கம் வருவதற்கு முன் கொஞ்சம் லூஸாக இறங்க வேண்டும். அந்த லூஸே இல்லாவிட்டால் பிளேட் எப்போதும் பாதி விலகியே நிற்கும். கேபிளைச் சரிசெய்வது அரை மணி நேர வேலை. லூஸ் இருந்தும் வழுக்கினால்தான் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி 25 கிலோ என்று வைத்தாலும் பத்துப் பெட்டி கால் டன். அந்தப் பாரத்தோடு தோட்டத்து மண் பாதையில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்துதானே வெளியே வருகிறீர்கள்? கிளட்ச் தேய்ந்ததில் பெரும்பங்கு அந்த நூறு அடிக்குத்தான் இருக்கும். பெட்டிகளை ரோட்டோரம் வரை வேறு வழியில் கொண்டுவந்து, அங்கே ஏற்றிப் பாருங்கள்.

ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’: இதில் எனக்குச் சந்தேகம் குறைவு. ஆக்ஸிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தெரியும், பூட் என்பார்கள். மடிப்பில் கீறல் இருந்து, ரிம்மின் உள்பக்கம் கருப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். கிரீஸ் வெளியே போன வழியில் மண் உள்ளே போயிருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்திருந்தால் பூட்டோடு முடிந்திருக்கும். இப்போது ஜாயின்ட்டும் மாற்ற வேண்டிவரும். எப்படியானாலும் கியர் பாக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஐம்பதுக்கு மேல் இரைச்சல்: இரண்டு வருஷத்துக்கு முன் ஊத்தங்கரைப் பக்கம் இருந்து ஒரு குடும்பம் வந்தது. இதே ‘ஊம்’ சத்தத்துக்கு வேறொரு பட்டறையில் பழைய பாக்ஸ் வாங்கி மாட்டியிருந்தார்கள். சத்தம் அப்படியே. நான் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு உள்ளங்கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தேன். உள்ளே மணலை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு கைக்கு வந்தது. அந்த வீட்டு அக்காவையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். தொட்டவுடன் அழுதுவிட்டார். சக்கர பேரிங் ஒன்றுதான் கெட்டிருந்தது, அதற்காகப் பாக்ஸுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

நீங்களும் பாருங்கள். வண்டி இல்லாத, நேரான, சமமான ரோட்டில் ஐம்பதில் போகும்போது இரைச்சல் வந்ததும் கிளட்சை மட்டும் மிதியுங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் இரைச்சல் மாறாமல் இருந்தால், அது பெரும்பாலும் சக்கர பேரிங் அல்லது டயர். ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் அசைக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங் பக்கம்தான். குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் வந்து மற்ற கியரில் இல்லை என்றால்தான் பாக்ஸைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது கியர் கடிப்பது: இது ஒன்றுதான் உண்மையில் பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அதிலும் ஒரு சோதனை பாக்கி. வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்து ஐந்து எண்ணுங்கள், அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, குற்றம் பாக்ஸில் இல்லை. அலுங்காமல் விழுந்தால் இரண்டாவதின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. போட்ட கியர் தானாக வெளியே குதிக்காத வரை இது அவசரம் இல்லை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள், கிளட்சை விட்டு லேசாக ஒரு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள், திரும்ப மிதித்து இரண்டாவது போடுங்கள். டபுள் கிளட்ச் என்று பழைய டிரைவர்கள் செய்வது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும், கடிப்பதும் குறையும்.

எண்ணெய்ச் சொட்டு: ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பழுப்பாக, கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். இன்ஜினும் பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் சொல்லுங்கள், அங்கே ஆயிலைத் தடுத்து நிற்கும் வளையமான சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் பட்டாலும் கிளட்ச் வழுக்கும். புது பிளேட் போட்டு சீலை விட்டுவிட்டால் மூன்றே மாதத்தில் பழைய கதைதான்.

கெட்டியான ஆயில் என்ற மச்சான் யோசனையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கெட்டியாக ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அடங்கும், தேய்ந்தது வளராது. காலைக் குளிரில் கியர் விழவே மறுக்கும். சின்க்ரோ ரிங் தன் வேலையைச் செய்ய அளவான உரசல் வேண்டும், கண்ட ஆயிலும் அதைக் கெடுக்கும். வண்டியின் கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரக் குறியீடுகள்; ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவது பல வண்டிகளில் அந்தப் பித்தளை வளையத்துக்கு ஆகாது. அளவு ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

பாக்ஸை இறக்கும் நாள்

முன்பணம் 10,000 கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். இன்னொரு பட்டறையில் காட்டுங்கள். “பாக்ஸ் போச்சுன்னு சொல்றாங்க” என்று ஆரம்பிக்காமல், மேலே சொன்ன சோதனைகளில் என்ன கண்டீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். முடிவை நாமே சொல்லிவிட்டால் அவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

கிளட்ச் மாற்றுவதற்கே பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய பிறகு அந்தக் கூலிக்குள்ளேயே நிறையப் பார்த்துவிடலாம். முன்சீல், ஆக்ஸில் சீல் இரண்டு, இன்ஜின் பின்சீல் எல்லாவற்றையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள். சீல் சில நூறு ரூபாய்தான், திரும்ப இறக்கும் கூலிதான் ஆயிரக்கணக்கில். ஆயிலை வெள்ளைத் துணி மேல் வடிக்கச் சொல்லி நீங்களே பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற மாதிரி இரும்புச் சில்லு வந்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அப்போதே இரண்டாவதின் சின்க்ரோ ரிங்கையும் மாற்றிவிடலாம்.

பழைய பாக்ஸ் என்பது கடைசி வழி. எந்த வண்டியில் இருந்து கழற்றியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேறு வழியே இல்லை என்றால் எத்தனை நாள் பொறுப்பு என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்து சொல்வதற்கு அது தேவைப்படும்.

வியாபாரியிடம் என்ன கேட்க முடியும்

“உள்ளது உள்ளபடி” என்று கையெழுத்து போட்டுவிட்டதால் இனி ஒன்றும் கேட்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழு உண்மை இல்லை. அந்த வரி, சொன்ன பொய்க்குக் கவசம் ஆகாது. “கிளட்ச், கியர் எல்லாம் பக்கா” என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். அதை அழிக்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள்.

அவர் வியாபாரமாகக் கார் விற்பவர். அதனால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருஷம் அவகாசம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. தக்காளி ஏற்றினீர்கள், அது வியாபாரம் என்று அவர் தரப்பு வாதிடலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகப் பயன்படுத்துவதைச் சட்டம் வணிக நோக்கத்தில் இருந்து விலக்கியே வைத்திருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசுங்கள். இதையே ஒரு தனி நபரிடம் நேராக வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். முழுப் பணமும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளட்ச் தேயும் பொருள். முதல் மூன்று மாதம் வண்டி நன்றாக ஓடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஏற்றிய பாரமும் கேள்விக்கு வரும். உங்கள் கை ஓங்கக்கூடிய இடம் மீட்டர்தான். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். 2016-லேயே 1,30,000 ஓடியதாகப் பதிவு இருந்து, உங்களிடம் 96,000 காட்டி விற்றிருந்தால் பேச்சே வேறு. பழுது பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். கிளட்ச், ஜாயின்ட் செலவில் பாதியைக் கேளுங்கள். பலர் அந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துக்கொள்வார்கள்.

விற்பதைப் பற்றி: இப்போது வேண்டாம். ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது என்று கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாங்கி 30 நாளுக்குள் மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும். அபராதம் இருந்தால் கட்டிவிட்டு உடனே மாற்றுங்கள், இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள். நாளைக்கே வண்டி எங்காவது மோதினால், சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கப் போகும்போது அங்கேதான் இடிக்கும். அப்புறம், கோளாறை மறைத்து இன்னொரு விவசாயி தலையில் கட்டுவதற்கு நான் வழி சொல்ல மாட்டேன், நீங்களும் அதைக் கேட்பவர் இல்லை என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

என் கணிப்பில் உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு கிளட்ச் செட், சீல்கள், ஒரு பக்க ஜாயின்ட், ஒரு சக்கர பேரிங். நேரில் பார்க்காமல் சொல்வது இது. நான்காவது கியரில் இன்ஜின் அணைந்ததா, ரிவர்ஸ் கடித்ததா, கிளட்சை மிதித்தபோது இரைச்சல் மாறியதா, அட்டையில் விழுந்த சொட்டு என்ன நிறம் என்று ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிப் போட்டாலும் போதும். பாக்ஸைப் பிரிப்பதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.